வயிற்றில் பிள்ளையோடு ஐஸ் ஸ்கேட்டிங்: தொடரலாமா, இந்த முறை விடலாமா?

வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவர் களுவாஞ்சிக்குடிப் பெண். கலியாணம் முடித்து ரொறன்ரோவில் ஸ்காபரோ பக்கம் இருக்கிறார். மூத்த பிள்ளையை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போனவர், தானும் பழகி, இப்போது சில வருடங்களாகக் குளிர்காலம் முழுக்க ஐஸில் ஓடுகிறார். இரண்டாவது பிள்ளை வயிற்றில், 13 வாரம். ஒக்டோபர் நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்து தாயோடு நிற்கிறார், டிசம்பர் நடுவில் திரும்பிவிடுவார். அங்குள்ள டொக்டர், “பழகின விளையாட்டென்றால் கவனமாகச் செய்யலாம்” என்றாராம். தாயோ, “அந்தச் சப்பாத்தைப் பெட்டிக்குள்ள போடு மகள், மறுகா பாத்துக்குவம்” என்கிறார். யார் சொல்வது சரி?

நான் மட்டக்களப்பில் பிசியோதெரபி செய்பவள். பிள்ளைத்தாச்சிகளும் பிள்ளை பெற்றவர்களும்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். ஐஸ் தரையில் ஏறியது கிடையாது. எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கிடப்பதுதான். ஆனால் பிள்ளைத்தாச்சியின் உடம்பு எப்படித் தடுமாறும், விழுந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதெல்லாம் எந்த ஊர்த் தரை என்று பார்த்து மாறுவதில்லை.

தங்கச்சி, நேர்ப்பதில் இதுதான்: இந்தச் சீசனை விட்டுவிடுங்கள். அம்மா சொல்கிறார் என்பதற்காக விட வேண்டாம். நீங்கள் மறுபடி ஐஸில் கால் வைக்கப்போகும் நாளில் உங்களுக்கு 22 வாரம் ஆகியிருக்கும், அதற்காக விடுங்கள். டொக்டர் சொன்னது நீங்கள் கேட்ட நாளுக்குச் சரியான பதில்தான். உங்களுக்கு வேண்டியது டிசம்பர் மாதத்துக்கான பதில்.

அம்மாவின் பயத்தில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. உடம்பை அசைத்தால் கரு கலங்கும் என்பது ஒன்று. விழுந்தால் ஆபத்து என்பது மற்றது. முதலாவது பிழை, இரண்டாவது சரி. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். கரு உருவாகும்போதே நடந்து முடிந்த காரியம் அது. நடந்ததாலும் மாடிப்படி ஏறியதாலும் வருவதில்லை. இதை இங்கே எத்தனை தாய்மாருக்குச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மகளைக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது நடுத்தர வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்கிறது. கனடாவின் மகப்பேற்று மருத்துவர்களும் உடற்பயிற்சித் துறையினரும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதே 150 நிமிடத்தைத்தான் சொல்கிறது, அதையும் மூன்று நாளுக்காவது பிரித்துச் செய்யும்படி. கர்ப்பகால நீரிழிவும் பிரஷரும் மனச்சோர்வும் குறையும் என்பதால் சொல்கிறார்கள். ஆகவே அசையாமல் இருப்பது பாதுகாப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் அதே கனடா வழிகாட்டிதான், விழக்கூடிய விளையாட்டுகளையும் ஆளோடு ஆள் மோதக்கூடிய விளையாட்டுகளையும் தவிர்க்கச் சொல்கிறது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2020இல் சொன்னதில் ஐஸ் ஹொக்கி, மலைச்சரிவுப் பனிச்சறுக்கு, குதிரைச் சவாரி, ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. நான் ஹொக்கியா ஆடுகிறேன், சும்மா சுற்றித்தானே வருகிறேன் என்பீர்கள். சரி, ஆட்டம் வேறு. தரை அதே தரைதான்.

இனி வாரக் கணக்குக்கு வருவோம். கிட்டத்தட்ட 12 வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. சுற்றிவர எலும்பு, முன்னால் விழுந்தாலும் அடி நேராகப் போய்ச் சேராது. அதற்குப் பிறகு மேலே எழும்பி, 20 வாரமளவில் தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது அதற்கு முன்னால் இருப்பது வயிற்றுத் தசையும் தோலும் மட்டும். உள்ளே பன்னீர்க்குடத்து நீர் பிள்ளையைத் தாங்குகிறது என்பது உண்மை. சின்ன இடிகளில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் போவது பெரும்பாலும் அதனால்தான்.

ஆனால் நாங்கள் பயப்படுவது பிள்ளைக்கு நேராக விழும் அடியை அல்ல, நச்சுக்கொடியைப் பற்றித்தான். கருப்பைச் சுவர் நெளியும், இழுபடும். அதில் ஒட்டியிருக்கும் நச்சுக்கொடிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. வேகமாகப் போன உடம்பு திடீரென்று நின்றால், சுவர் ஒரு பக்கம் இழுபட, நச்சுக்கொடி அதோடு சேர்ந்து போகாமல் விளிம்பில் கழன்று வரலாம். வயிற்றில் அடி படவே வேண்டும் என்றில்லை. குண்டி அடிபட இருந்துவிட்டு, வயிற்றில் படவில்லை, பரவாயில்லை என்று எழும்பி வருபவர்களுக்கும் இது நடக்கக்கூடும். அடிக்கடி நடப்பதல்ல. பெரும்பாலான விழுகைகள் ஒரு கண்டலோடு முடிந்துவிடும். ஆனால் நடந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் மணிக்கணக்குத்தான் இருக்கும். ஐஸில் வேகமும் உண்டு, தரையும் கல்லு மாதிரி. இரண்டும் ஒன்றாகச் சேர்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“எனக்கு விழவே வராது” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். போன மார்ச்சில் இருந்த உடம்புக்கு அது உண்மை. டிசம்பரில் வயிறு முன்னுக்கு வந்திருக்கும். உடம்பின் பாரம் குவியும் இடம் முன்னாலும் மேலாலும் நகர்ந்திருக்கும். அதைச் சமாளிக்க நாரி உள்ளுக்கு வளைந்திருக்கும். கர்ப்பகால ஹோர்மோன்கள் மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்களைத் தளர்த்தும். குனிந்தால் கால் விரல் தெரியாது. ஸ்கேட்டிங்கில் நீங்கள் பழகிய பழக்கமெல்லாம் பழைய பாரக் கணக்கில் தசைகளில் பதிந்தது. தடுமாறும்போது உங்கள் கால் பழைய கணக்கில்தான் பதில் கொடுக்கும். அதோடு, சீசன் தொடக்கம் என்பதால் மாதக்கணக்கில் ஐஸ் தொடாமல் ஏறப்போகிறீர்கள். பழக்கம் என்ற வாதம் அங்கே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. சாதாரணத் தரையில் நடமாடும் கர்ப்பிணிகளிலேயே நாலில் ஒருவர் அந்தப் பத்து மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுகிறார்கள் என்று வேலைக்குப் போகும் பெண்களிடம் செய்த ஆய்வு சொல்கிறது.

அடுத்தது, நீங்கள் மட்டும் ஐஸில் இருக்கப்போவதில்லை. சனி, ஞாயிறு பின்னேரங்களில் பொது ரிங்கில், அதாவது எல்லோரும் ஓடுகிற ஐஸ் தரையில், யார் யார் வருவார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பழக வந்தவர், பின்னால் பார்க்காமல் பின்னோக்கி ஓடும் பிள்ளைகள், ஒருவரையொருவர் துரத்தும் பையன்கள். உங்கள் காலை நீங்கள் கட்டுப்படுத்தலாம். பதினைந்து வயதுப் பையனின் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்? எனக்கு உங்கள் திறமையில் சந்தேகமே இல்லை; மற்றவர்கள் மேல்தான்.

மூடிய ரிங்க் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும், பலருக்குத் தெரியாதது. ஐஸை மழமழப்பாக்க ஓடுகிற சம்போனி வண்டி மின்சாரத்தில் ஓடுவதா, கேஸிலோ பெற்றோலிலோ ஓடுவதா என்று கேளுங்கள். எரிபொருள் வண்டியிலிருந்து கார்பன் மொனொக்சைட் வரும். காற்றோட்டம் சரியில்லாத கட்டடத்தில் அது தேங்கி, ரிங்கில் இருந்தவர்களுக்குத் தலையிடியும் மயக்கமும் வந்த சம்பவங்கள் வட அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. வயிற்றுப் பிள்ளையின் இரத்தம் அந்த வாயுவைத் தாயின் இரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் அதிக நேரம் எடுக்கும். மகன் ஸ்கேட் பண்ண நீங்கள் ஓரத்தில் சும்மா இருந்து பார்ப்பதானாலும் இது பொருந்தும்.

இப்படிச் சொன்னால் மக்டா ஜூலினைப் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சுவீடன் நாட்டவர், 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் எடுத்தபோது கர்ப்பமாக இருந்தார். நடுவர் ஒருவர்கூட அவருக்கு முதலிடம் கொடுக்கவில்லை, எல்லோருடைய வரிசையையும் கூட்டிப் பார்த்ததில் அவர்தான் முன்னுக்கு வந்தார் என்பது தனிக் கதை. அவர் ஓடியது கர்ப்பத்தின் முற்பகுதியில், தனக்கென்று ஒதுக்கிய ஐஸில், உலகத்தின் முதல்தரக் கால்களோடு. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் கனடாவின் கேர்லிங் (ஐஸில் கல்லை வழுக்கவிடும் ஆட்டம்) அணியில் இருந்த கிறிஸ்டி மூர் ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பத்தோடு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். கேர்லிங்கும் ஐஸில்தான். ஆனால் அதில் காலில் பிளேட் இல்லை. சப்பாத்தில் ஒரு காலுக்கு வழுக்கும் அடியும் மற்றக் காலுக்கு வழுக்காத அடியும் போடுவார்கள், வேகமும் கிடையாது. இரண்டு உதாரணத்தையும் பார்த்தால் கர்ப்பம் நோயல்ல என்பது நன்றாகத் தெரிகிறது. சனிக்கிழமை ரிங்கில் 22 வாரத்தில் ஏறலாம் என்பதற்கு இரண்டுமே சாட்சி இல்லை.

இவ்வளவும் வாசித்த பிறகும் ஒரு நாளாவது ஏறத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வளர்ந்த பெண், உங்கள் உடம்பு. தடுக்க நான் யார்? கிழமை நாளில் காலையில், ஆள் குறைந்த நேரமாகப் போங்கள். ஓரப் பலகைக்குக் கையெட்டும் தூரத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். பாய்ச்சல், சுழல், பின்னோட்டம் எதுவும் வேண்டாம். முக்கியமாக, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். பிள்ளை தடுமாறினால் உங்களைத்தான் இழுக்கும், நீங்களும் விடமாட்டீர்கள். கால் வீங்கியிருக்கிற நாளில் அந்தச் சப்பாத்து கணுக்காலைச் சரியாகப் பிடிக்காது, அன்றைக்குப் போகவே வேண்டாம். கயிறு கட்டக் குனிய முடியாமல் மூச்சு முட்டினால், உடம்பு சொல்கிற பதில் அதுதான். கருப்பை தொப்புளைத் தாண்டினால் நிறுத்திவிடுவது என் கோடு; 22 வாரத்தில் நீங்கள் அந்தக் கோட்டுக்கு வந்திருப்பீர்கள், அதனால்தான் விடச் சொன்னேன். வேறு பிசியோதெரபிஸ்ட்கள் கொஞ்சம் முன்னே பின்னே போடுவார்கள். இரத்தம் படுகிறது, நச்சுக்கொடி கீழே இருக்கிறது, கருப்பை வாய் பலவீனம், பிரஷர், முன்பு குறைமாதப் பிரசவம் என்று ஏதாவது இருந்தால் இந்தப் பந்தியே உங்களுக்கு இல்லை.

விழுந்தால் என்ன செய்வது என்பதை ஐஸுக்காக மட்டும் சொல்லவில்லை, படிக்கட்டில் விழுந்தாலும் இதேதான். இரத்தம், நீர் ஒழுகுதல், விட்டு விட்டு வயிறு இறுகுதல், விடாத வயிற்று வலி அல்லது நாரி வலி, பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றுமே இல்லாவிட்டாலும், 23, 24 வாரத்துக்குப் பிறகு பலமாக விழுந்தால் போய்க் காட்டத்தான் வேண்டும். குறைந்தது 4 மணித்தியாலம் பிள்ளையின் இதயத் துடிப்பையும் கருப்பை இறுக்கத்தையும் மெஷினில் பார்ப்பது வழமை. நச்சுக்கொடி கழலும்போது இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம், அதனால்தான் அந்தக் காத்திருப்பு. உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால், விழுந்து 72 மணித்தியாலத்துக்குள் அன்டி-டி ஊசி (தாயின் உடம்பு பிள்ளையின் இரத்தத்தை எதிர்க்காமல் தடுப்பது) தேவைப்படலாம். நம் ஆட்களில் நெகட்டிவ் குறைவு என்பதால் பலரும் தங்கள் வகையையே மறந்துவிடுகிறார்கள். ஊரில் நிற்கும்போது அவசரம் வந்தால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைதான் உங்களுக்குக் கிட்ட. தேவையென்றால் அவர்களே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

சரி, ஊரில் நிற்கும் இந்த இரண்டு மாதம் என்ன செய்யலாம்? எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வெயில் ஏறும் முன், அல்லது பின்னேரம் நடங்கள். மட்டக்களப்புப் பக்கம் வந்தால் கல்லடிப் பழைய பாலமும் காந்திப் பூங்காவை ஒட்டிய வாவிக் கரையும் நல்ல சமதரை, காற்றும் வரும். ஊருக்குள் மணல் ஒழுங்கையில் நடப்பதானால் பின்னால் பட்டி வைத்த செருப்பு போடுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். மாரி தொடங்கினால் இந்தக் கரையில் கடல் பொங்கும், அலைக்குள் நின்று குளிக்கிற ஆசையை இந்த முறை விடுங்கள். வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலில் நின்று பழகலாம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருந்து எழும்பி இருந்து செய்யலாம். இடுப்புத்தளத் தசையை, சிறுநீரை அடக்குவதுபோல உள்ளுக்கு இழுத்துப் பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். இந்த மூன்றும் ஸ்கேட்டிங் கால்களை விட்டுப்போகாமல் வைத்திருக்கும்.

அப்புறம் ஒரு விஷயத்தை அம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். இந்தப் பக்கம் பிள்ளைத்தாச்சிகள் விழுந்து என்னிடம் வருவது ஐஸில் வழுக்கி அல்ல. பாசி பிடித்த கிணற்றடியில், சவர்க்காரத் தண்ணீர் நிற்கும் குளியலறையில், மழை நாளில் ஈரக் காலோடு நடக்கும் டைல்ஸ் விறாந்தையில், ஸ்கூட்டியில். ஸ்கேட்டிங் சப்பாத்தைப் பெட்டிக்குள் போடச் சொல்லும் தாய்மார், மகள் ஸ்கூட்டியில் தம்பியின் பின்னால் ஒரு பக்கமாக இருந்து கல்முனைக்கு உடுப்பு எடுக்கப் போவதைக் கேட்டில் நின்று வழியனுப்புகிறார்கள். கிணற்றடியைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். குளிக்கிற இடத்தில் றப்பர் பாய் போடுங்கள். ஸ்கூட்டி வேண்டாம், ஓட்டோ பிடியுங்கள்.

அம்மாவோடு வாதாடி வெல்லப் பார்க்க வேண்டாம். நம் பக்கத்தில் வீடு பெண்ணின் பக்கம்; தாய் சொன்னால் மருமகனும் சேர்ந்து தலையாட்டுவார். கிளினிக் நாளில் அம்மாவையும் கூட்டிப்போய், அவர் முன்னாலேயே மிட்வைஃபிடம் நடக்கலாமா, படி ஏறலாமா என்று கேளுங்கள். நானும் நீங்களும் சொல்வதைவிட அந்த மிஸ்ஸின் ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். லீவில் வந்தவர்கள் பதியத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி வைத்தால் பிரஷராவது பார்த்துத் தருவார்கள்.

டிசம்பரில் அங்கே போய் இறங்கியதும் ரிங்கைவிட வீட்டு வாசல்தான் முதலில் கவனிக்க வேண்டியது. கார் நிறுத்துமிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய ஐஸ், பஸ் தரிப்பிடத்துப் படி. சப்பாத்துக்கு அடியில் மாட்டும் பிடிப்பு முள் கடைகளில் கிடைக்கும், வாங்குங்கள். ரிங்க் இல்லாத குளிர்காலத்துக்கு நீச்சல் தடாகம் நல்லது. தண்ணீர் பாரத்தைத் தாங்கும், விழவும் வழியில்லை. மோலுக்குள் நடப்பதும் நடைதான். மகனை ஐஸுக்குக் கூட்டிப்போகிற வேலையை இந்த முறை தகப்பனிடம் கொடுங்கள். அவருக்கு ஸ்கேட்டிங் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பழகட்டும், விழுந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் கணக்கில் பிள்ளை ஏப்ரல் கடைசியில் பிறக்கும். ரொறன்ரோவின் திறந்தவெளி ரிங்குகள் பெரும்பாலும் மார்ச் நடுவளவில் மூடி நவம்பர் கடைசியில் திறக்கின்றன. ஆக இந்த முறை நீங்கள் விடப்போவது ஏறத்தாழ மூன்று மாத ஐஸ். அடுத்த சீசன் திறக்கும்போது பிள்ளைக்கு ஏழு மாதம், உங்களுக்கும் உடம்பு திரும்பியிருக்கும். சத்திரசிகிச்சைப் பிரசவமானாலும் அதற்குள் போதிய நேரம் இருக்கிறது. ஏறுவதற்கு முன் இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா, வயிற்று நடுத்தசை பிரிந்தபடி நிற்கிறதா என்று அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்தையும் போட்டுப் பாருங்கள். கர்ப்பத்தில் சிலருக்குப் பாதம் அரை அளவு நீண்டு அப்படியே நின்றுவிடும். பழைய சப்பாத்து இறுகினால் காலைத் திட்டாமல் புதிதாக ஒன்று வாங்குங்கள்.